பெரிய ஆற்றில் கயாக்: முதலில் கவிழப் பழகுங்கள்

கயாக், அதாவது ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் குறுகலான படகு, பழக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்தப் படகு வாங்கட்டும்?" பதிலுக்கு நான் கேட்பது, "தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, பதறாமல் எட்டு வரை எண்ணுவீர்களா?" இதை விளையாட்டுக்குக் கேட்பதில்லை. பெரிய ஆற்றின் ரேபிட்டில் என்றைக்காவது ஒருநாள் கவிழ்ந்தே தீருவீர்கள். கவிழ்ந்த பிறகு அந்த எட்டு எண்ணிக்கைக்குள் என்ன செய்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் அன்றைய நாள் எப்படி முடியும் என்பது இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியும் கொஞ்சம் தலைகீழாகத்தான் போகும். கவிழ்வது, நீந்துவது, ஒதுங்குவது எல்லாம் முதலில், அலை அப்புறம்.

ஆறு சட்டென்று சரிந்து, குறுகி, பாறைகளில் மோதி நுரைத்து ஓடும் இடத்தைத்தான் ரேபிட் என்கிறோம். அமைதியான நீரில் கயாக் ஓட்டத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். அதுவும் தெரியாதவர் முதலில் ஏரியில் சில வாரம் துடுப்புப் போட்டுவிட்டு வரலாம்.

பெரிய ஆறு ஏன் வேறு

ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனுக்குள் கொலராடோ ஆற்றில் பெரும்பாலான நாட்களில் வினாடிக்கு ஏறத்தாழ 225 முதல் 570 கன மீட்டர் வரை தண்ணீர் போகிறது. நீங்கள் ஒருமுறை துடுப்பை இழுத்து முடிப்பதற்குள் சில நூறு டன் தண்ணீர் கடந்துவிடுகிறது. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. இதோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர் யாரும் இல்லை. எந்த இடத்தில் தண்ணீர் நமக்கு வேண்டிய பக்கமாகப் போகிறது என்று பார்த்து, அதில் போய் ஏறிக்கொள்வதுதான் வேலை.

சின்ன ஆற்றில் பாறைக்கும் பாறைக்கும் நடுவே சந்து பார்த்து நுழைய வேண்டும். பெரிய ஆற்றில் பாறைகள் பெரும்பாலும் ஆழத்தில் கிடக்கும். மேலே தெரிவது அவை கிளப்பும் அலையும் குழியும் சுழலும்தான். அதில் ஒரு நன்மை உண்டு. கவிழ்ந்தால் தலை பாறையில் இடிக்கும் வாய்ப்பு குறைவு. ரேபிட் முடிந்த கையோடு அகலமான மடு ஒன்று வருவதும் வழக்கம். விக்டோரியா அருவிக்குக் கீழே சாம்பேசி ஆறு இதற்கு நல்ல உதாரணம்: ஒரு பேய் இறக்கம், உடனே அமைதியான ஆழநீர், மறுபடியும் இறக்கம். தொல்லை என்னவென்றால் கரை வெகு தூரத்தில் இருக்கும். சின்ன ஆற்றில் நாலு கை போட்டால் கரை வந்துவிடும். இங்கே படகை விட்டவர் அரை கிலோமீட்டர் கூட நீந்த நேரலாம். நண்பர் வந்து சேரவும் நேரமாகும்.

பல பெரிய ரேபிட்டுகள் பக்கவாட்டு ஓடை வந்து சேரும் இடத்தில் இருப்பதைக் கவனியுங்கள். ஓடை வெள்ளத்தில் அடித்து வரும் பாறைகள் ஆற்றின் குறுக்கே குவிந்து வழியை நெருக்குகின்றன. கொலராடோவின் கிரிஸ்டல் ரேபிட் 1966 டிசம்பரில் அப்படி ஒரே வெள்ளத்தில் பெரிதானது. அதுவரை அது பெரிய விஷயமே இல்லை. வரைபடத்திலும் பழைய குறிப்பிலும் இருப்பதை முழுக்க நம்பாமல், ஒவ்வொரு பருவத்திலும் புதிதாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஆறுகளின் கடினத்தை உலகம் முழுக்க 1 முதல் 6 வரை வகுப்பு போட்டுச் சொல்கிறார்கள். 1 என்றால் லேசான சலசலப்பு. 3-இல் ஒழுங்கற்ற அலைகளும் சற்றே திருப்பங்களும் இருக்கும். 4 பலமானது, ஆனால் படித்து அறியக்கூடியது. 5 தேர்ந்தவர்களுக்கு. 6 உயிரைப் பணயம் வைக்கும் எல்லை. கிராண்ட் கேன்யனில் மட்டும் 1 முதல் 10 வரை தனி அளவுகோல் உண்டு; அங்கே '7' என்று கேட்டுப் பயந்துவிட வேண்டாம். இன்னொன்று: பெரிய ஆற்றின் 3-ஐயும் சின்ன ஆற்றின் 3-ஐயும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். வகுப்பு ஒன்றுதான், உடம்பில் படும் அடி வேறு.

முதல் படி: கவிழ்ந்து வெளியே வருதல்

இடுப்பு ஆழத் தண்ணீரில், பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்துக்கொண்டு தொடங்குங்கள். படகின் வாயை மூடும் ரப்பர் விரிப்பை ஸ்பிரே டெக் என்பார்கள். அதன் முன்பக்கத்தில் ஒரு வளையம் இருக்கும். மாட்டும்போது அது எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே மடங்கிப்போன வளையத்தால் இறந்தவர்கள் உண்டு. நண்பர் தண்ணீரில் இறங்குமுன் அவருடைய வளையத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது இந்த ஆட்டக்காரர்களிடையே மரியாதை.

இனி வேண்டுமென்றே கவிழுங்கள். தலைகீழானதும் முன்னால் குனிந்து நெற்றியைப் படகின் மேல்தளத்தோடு ஒட்டிக்கொள்ளுங்கள். வளையத்தை முன்னே தள்ளி மேலே இழுத்தால் டெக் கழன்றுவிடும். கைகளை இடுப்புக்கு இரு புறமும் வைத்து, கால்சட்டையைக் கழற்றுவது போலப் படகைக் கழற்றுங்கள். பத்துமுறை செய்தால் பயம் போய்விடும். அப்புறம்தான் என்னுடைய எட்டு எண்ணிக்கை. கவிழ்ந்த பின் உடனே வெளியே வராமல், படகின் அடியை இரண்டு கையாலும் மூன்று முறை தட்டி, எட்டு வரை எண்ணிவிட்டு வெளியே வாருங்கள். மூக்கில் கிளிப் மாட்டிக்கொள்ளுங்கள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். மூக்குக்குள் தண்ணீர் பீறிட்டால் நிதானம் முதலில் போகும், அப்புறம் டெக் போகும்.

இரண்டாம் படி: ரோல்

படகை விட்டு வெளியே வராமலே, துடுப்பாலும் இடுப்பாலும் நிமிர்ந்துகொள்வதுதான் ரோல். ஆர்க்டிக் பகுதி வேட்டைக்காரர்கள் பழங்காலம் தொட்டுச் செய்துவந்தது இது. அந்தக் குளிரில் படகை விட்டால் மரணம் என்பதால் கற்றே ஆக வேண்டிய வித்தை. ஐரோப்பாவில் இதை முதலில் கற்றுச் செய்து காட்டியவர் ஆஸ்திரியாவின் ஹான்ஸ் எடுவர்ட் பாவ்லாட்டா, 1927-இல்.

ரோலில் மூன்று விஷயம்தான். முதலில் முன்னால் குனிந்து, துடுப்பைப் படகின் பக்கவாட்டில் ஒட்டி வைப்பது. இரண்டாவது, துடுப்பின் தகடு நீரின் மேற்பரப்பை ஒட்டி வளைந்து போகும்போதே இடுப்பை வெட்டிப் படகைத் திருப்புவது. மூன்றாவது, தலை கடைசியில் வருவது. சொல்வது சுலபம், உடம்பு கேட்காது. மூச்சு வேண்டும் என்று தலை முந்திக்கொண்டு எழும். நாலைந்து கிலோ எடையுள்ள தலையை முதலில் தூக்கினால் படகு மறுபடி கவிழ்ந்துவிடும். தோல்வியடைந்த ரோலில் பத்துக்கு ஒன்பது இந்தத் தலையால்தான் என்பது என் அனுபவம். துடுப்பின் தகட்டையே பார்த்துக்கொண்டு எழுங்கள், தலை தானாகக் கடைசியில் வரும்.

நீச்சல் குளத்தில் வந்த ரோல் ஆற்றில் வரும் என்று நினைக்காதீர்கள். பெரிய ஆற்றில் கவிழ்ந்ததும் முதலில் செய்ய வேண்டியது எதுவும் செய்யாமல் இருப்பது. குனிந்து, துடுப்பைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்று வினாடி இருங்கள். அலை உங்களைப் புரட்டும், துடுப்பைப் பிடுங்கப் பார்க்கும். நுரை நிறைந்த தண்ணீரில் காற்று அதிகம்; அதில் துடுப்புக்குப் பிடிமானமே கிடைக்காது, வெறும் காற்றை இழுப்பது போலிருக்கும். நுரை தாண்டிக் கனமான பச்சைத் தண்ணீர் வந்ததும் சத்தமும் உலுக்கலும் மாறும். அப்போது எழுங்கள். முதல் முயற்சி தோற்றால் மறுபடி குனிந்து அதே இடத்திலிருந்து தொடங்குங்கள். பாதியில் அவசரமாகத் திருத்தப் போனால் மூச்சுதான் வீணாகும்.

என்னுடைய முதல் பெரிய ஆற்றில் ஒரு ரோல் தோற்றதுமே டெக்கை இழுத்துவிட்டேன். வெளியே வந்து மூச்சு வாங்கிப் பார்த்தால், ரேபிட் முடிந்துபோய்க் கண்ணாடி போன்ற தண்ணீர். இன்னும் இரண்டு வினாடி பொறுத்திருந்தால் குளத்தில் எழுவது போல எழுந்திருக்கலாம். படகு எனக்கு முன்னே அடுத்த வளைவைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க மதியம் ஆனது.

நகரும் தண்ணீரில், வேண்டுமென்றே கவிழ்ந்து, இடம் வலம் இரண்டு பக்கமும் ரோல் வரும்வரை 3-ஆம் வகுப்புக்கு மேல் போக வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

மூன்றாம் படி: ரேபிட்டில் நீந்துதல்

ரோல் எவ்வளவு நன்றாக வந்தாலும் நீந்தும் நாள் வரும். ஆகவே படகே இல்லாமல், உடுப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு, சின்ன ரேபிட்டில் ஒருநாள் முழுக்க நீந்துங்கள். படகில் கழிக்கும் பத்து நாளை விட அந்த ஒருநாளில் ஆறு அதிகம் புரியும்.

ஆழம் குறைந்த இடத்தில் மல்லாந்து, கால்களை முன்னால், அதாவது ஆறு போகும் திசையில், நீர்மட்டத்துக்கு உயர்த்தி மிதக்க வேண்டும். முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்கவே கூடாது. பாதம் பாறை இடுக்கில் சிக்கினால், பின்னால் வரும் நீர் உடலை மடக்கி அமுக்கிவிடும். ஆழம் இடுப்பளவே இருந்தாலும் மேலே வர முடியாது. ஆனால் பெரிய ஆற்றின் ஆழத்தில் மல்லாந்து கிடந்தால் ஆறு தன் போக்கில் கொண்டுபோய்விடும். அங்கே குப்புறத் திரும்பி, கரைக்குச் சாய்வாக, முழுப் பலத்தோடு கையடித்து நீந்துங்கள்.

அடுத்தடுத்து வரும் பெரிய அலைகளில் மூச்சு விடுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. அலையின் உச்சியில்தான் தண்ணீர் தலைக்கு மேல் உடையும். இரண்டு அலைக்கு நடுவே உள்ள பள்ளத்தில் மூச்சை இழுத்து, உச்சி வரும்போது அடக்குங்கள். உள்ளுணர்வு இதற்கு நேரெதிராகச் சொல்லும்.

படகு கையில் இருந்தால் விடாதீர்கள். அது பெரிய மிதவை. படகுக்கும் பாறைக்கும் நடுவில் மட்டும் வந்துவிடக் கூடாது. தண்ணீர் நிரம்பிய படகு ஒரு மாட்டு வண்டிப் பாரத்தோடு வந்து மோதும். அது உங்களை ஆபத்தான இடத்துக்கு இழுத்துப் போனால் யோசிக்காமல் விட்டுவிடுங்கள்.

கரையிலிருந்து கயிறு அடைத்த பையை (த்ரோ பேக்) வீசினால் கயிற்றைப் பிடியுங்கள், பையை அல்ல. மல்லாந்து, கயிற்றைத் தோளுக்கு மேலாக மார்போடு அணைத்துக்கொண்டால் முகத்தில் நீர் அடிக்காது. கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

தண்ணீர் குளிர்ந்ததாக இருந்தால் இது எல்லாமே இரண்டு மடங்கு கடினம். மீட்புக்காரர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள்: 1, 10, 1. கடுங்குளிர் நீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கை கால் சொன்ன பேச்சு கேட்பது பத்து நிமிடம்தான், நினைவு தப்ப ஒரு மணி நேரம். பெரிய அணையின் அடியிலிருந்து வரும் தண்ணீர் கோடை வெயிலிலும் குளிரும். வெயிலைப் பார்த்து உடுக்காமல், தண்ணீரைத் தொட்டுப் பார்த்து உடுத்துங்கள்.

பொருள்கள், சுருக்கமாக

பெரிய ஆற்றுக்குப் புதியவருக்கு ஏற்றது 2.4 முதல் 2.8 மீட்டர் நீளமுள்ள, பருமனான, மூழ்கினாலும் சட்டென்று மேலே வரும் பாலிஎத்திலீன் படகு. இரண்டு மீட்டருக்கும் குட்டையான விளையாட்டுப் படகுகள் பார்க்க அழகு. ஆனால் எதிரெதிராக ஓடும் நீர் உரசும் ஒவ்வொரு எடிக் கோட்டிலும் (நான்காம் படியில் சொல்கிறேன்) தண்ணீர் அவற்றின் வாலைக் கடித்து இழுக்கும். படகின் பின்பகுதியில் காற்றுப் பைகளை நிரப்புங்கள். துடுப்பு 190 முதல் 200 செ.மீ. போதும்.

மிதவைச் சட்டையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நுரைத்த நீரில் உடல் சாதாரணத்தை விடக் கீழே மிதக்கும் என்பதால் மிதப்புத் திறன் அதிகமானது வேண்டும். உடுத்திய பிறகு நண்பரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். முகவாய் வரை ஏறினால் அது உங்களுக்குப் பொருந்தாது. ஹெல்மெட்டை நெற்றி மூடும்படி மாட்டுங்கள். விசில், கத்தி, மிதக்கும் கயிறு கொண்ட த்ரோ பேக் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். யாரோ ஒருவரிடம் இருக்கும் கயிறு, அந்த ஒருவரே நீந்தும்போது பயன்படாது.

நான்காம் படி: எடி

பாறையோ கரை முனையோ ஓட்டத்தை மறித்தால், அதன் பின்புறம் தண்ணீர் ஆற்றுக்கு எதிராக மேல்நோக்கித் திரும்பி ஓடும். அந்த ஒதுக்கிடத்துக்கு எடி என்று பெயர். ஆற்றின் திண்ணை அது. அங்கே நிற்கலாம், மூச்சு வாங்கலாம், அடுத்ததைப் பார்க்கலாம். மேல்நோக்கி ஓடும் நீரும் கீழ்நோக்கி ஓடும் நீரும் உரசும் எல்லைதான் எடிக் கோடு. புதியவர்கள் அலையில் கவிழ்வதை விட இந்தக் கோட்டில்தான் அதிகம் கவிழ்கிறார்கள்.

எடியிலிருந்து ஓட்டத்துக்குள் நுழையும்போது, மேலிருந்து வரும் நீர் படகின் விளிம்பைக் கவ்வி அமுக்கும். அதனால் ஓட்டம் வரும் பக்கத்து விளிம்பை முழங்காலால் உயர்த்தி, ஆறு போகும் பக்கம் சாய வேண்டும். சைக்கிளில் வளைவு திரும்பும்போது உள்பக்கம் சாய்கிறோமே, அதே சாய்வு. எடிக்குள் நுழையும்போதும் திரும்பும் பக்கமே சாய வேண்டும். இரண்டிலும் வேகம் முக்கியம். தயங்கித் தயங்கிக் கோட்டின் மேல் நின்றால் அது உங்களை என்ன செய்வது என்று தானே முடிவெடுத்துக்கொள்ளும்.

பெரிய ஆற்றில் இந்தக் கோடு கோடாக இருக்காது. மேல் முனையில் கூர்மையாகவும், கீழே போகப் போக ஒரு மீட்டருக்கும் மேல் அகலமான சுழல் பட்டையாகவும் விரியும். கூடுமானவரை மேல் முனையிலேயே, நல்ல வேகத்தோடு கடந்துவிடுங்கள்.

படகின் மூக்கை மேல்நோக்கிச் சற்றே சாய்த்து வைத்து, துடுப்புப் போட்டு, ஆற்றோடு கீழே போகாமல் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நகர்வது ஃபெர்ரி. எடியும் ஃபெர்ரியும் கைவந்தவர் எந்த ரேபிட்டையும் துண்டு துண்டாக வெட்டி இறங்க முடியும். வராதவர் மேலிருந்து கீழே வரை விதியை நம்பித்தான் போக வேண்டும்.

ஐந்தாம் படி: இறங்குமுன் படித்தல்

தூரத்தில் ஆறு ஒரு நேர்கோட்டில் முடிந்து, அதற்கப்பால் மரத்தின் உச்சி மட்டும் தெரிந்தால் அங்கே இறக்கம் இருக்கிறது. வெகு முன்பாகவே எடியில் ஒதுங்கி, கரையேறி நடந்து பாருங்கள்.

முதலில் ரேபிட்டின் கடைசிக்குப் போய்விடுங்கள். கவிழ்ந்து நீந்தினால் எங்கே போய்ச் சேருவீர்கள்? அமைதியான மடுவா, அடுத்த ரேபிட்டா, சாய்ந்த மரமா? அங்கே கெட்டது எதுவும் இல்லை என்றால்தான் மேலே பார்ப்பதில் அர்த்தம் உண்டு. பிறகு கீழிருந்து மேலாகப் பின்னோக்கி வழியைக் கட்டுங்கள்: முடிவில் இந்த இடத்தில் இருக்க வேண்டும் என்றால் நடுவில் எங்கே, நடுவில் அங்கே என்றால் நுழைவில் எங்கே.

வழவழப்பான நீர் கீழ்நோக்கிக் கூரான நாக்கு போல நீண்டால் அது வழி. கூர் மேல்நோக்கி இருந்தால் அங்கே பாறை ஒளிந்திருக்கிறது. ஒழுங்காக அடுக்கி வரும் அலைகள் எவ்வளவு பெரிதானாலும் பெரும்பாலும் நல்லவை. தண்ணீர் ஏதோவொன்றின் மேல் வழிந்து விழுந்து, நுரை மேல்நோக்கித் திரும்பி உருளும் இடம் குழி. அங்கே கவனம் வேண்டும்.

பெரிய ஆறு ஒரே மாதிரி நிற்காது, மூச்சு விடும். இப்போது சாதுவாக இருக்கும் குழி இருபது வினாடி கழித்து வாயைப் பிளக்கும். ஆகவே குறைந்தது ஐந்து நிமிடமாவது நின்று பாருங்கள். ஒரு கட்டையைத் தூக்கிப் போட்டு அது எங்கே போகிறது, எவ்வளவு நேரம் உள்ளே சுற்றுகிறது என்று கவனியுங்கள். உயரமான கரையிலிருந்து எல்லாம் சின்னதாகத் தெரியும் என்பதையும் மறக்காதீர்கள். நான்கு மீட்டர் அலை கூட மேலிருந்து பார்த்தால் சுருக்கம் விழுந்த துணி போலிருக்கும். திரும்பி நடக்கும்போது ஆற்றின் மட்டத்திலிருந்தும் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கரையில் பார்த்த வழி படகில் உட்கார்ந்ததும் காணாமல் போய்விடும்.

நீர்மட்டத்தையும் கேட்டறியுங்கள். அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் மின்சாரத் தேவைக்கு ஏற்ப ஒரே நாளில் மட்டம் ஏறி இறங்கும். பாறையில் நீர்மட்டத்துக்கு மேலே ஈரக்கோடு தெரிந்தால் தண்ணீர் இறங்குகிறது. காய்ந்த குச்சியும் இலையும் நுரையோடு மிதந்து வந்தால் ஏறுகிறது. ஏறும் தண்ணீரில் புதியவர் இறங்க வேண்டாம்.

ஆறாம் படி: உள்ளே

நாக்கின் மேல் நேராக, சற்றே வேகமாக நுழையுங்கள். பயந்த உடம்பு பின்னால் சாயும், துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கும், கையை நிறுத்தும். மூன்றுமே தப்பு. முன்னால் சாய்ந்து, துடுப்பு தண்ணீரில் இருக்கும்படி இழுத்துக்கொண்டே இருங்கள். தண்ணீரில் ஊன்றிய துடுப்பு மூன்றாவது கால் மாதிரி.

முழங்கைகளைத் தாழ்த்தி, கைகளை எப்போதும் முகத்துக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலும் மேலேயும் நீட்டிய கையை அலை அடித்தால் தோள்மூட்டு கழன்றுவிடும். இந்த ஆட்டத்தில் அடிக்கடி நிகழும் காயங்களில் அது ஒன்று.

அலையின் உச்சி உடைந்து நுரைத்தால், அதைத் தாண்டி அந்தப் பக்கம் உள்ள நீரில் துடுப்பை ஊன்றி இழுங்கள். பக்கவாட்டில் சாய்வாக அடிக்கும் அலை வந்தால், படகின் மூக்கை அதன் பக்கம் திருப்பி, அலையை அணைத்துக்கொள்வது போல அதன்மேல் சாயுங்கள். விலகிச் சாய்ந்தால் அது கவிழ்த்துவிடும்.

தவிர்க்க முடியாத குழியை நேராக, முழு வேகத்தில், குனிந்தபடி குத்திப் போங்கள். குறுக்காகப் போய் விழுந்து அதில் மாட்டிக்கொண்டால், நுரைமேடு இருக்கும் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து, துடுப்பை அந்த நுரையின் மேல் ஊன்றி, மேல்பக்க விளிம்பைத் தூக்கி வைத்திருங்கள். ஒருமுறை நிதானம் வந்ததும் குழியின் எந்த ஓரம் அருகே இருக்கிறது என்று பார்த்து, முன்னாலோ பின்னாலோ நகர்ந்து ஓரத்துக்குப் போங்கள். ஓரங்கள் ஆறு போகும் பக்கம் வளைந்திருக்கும் குழி தானே வெளியே துப்பிவிடும். மேல்நோக்கி வளைந்திருந்தால் நடுவுக்கே இழுக்கும். அதைக் கரையிலிருந்தே கண்டுபிடித்து விலகியிருக்க வேண்டும். படகில்லாமல் அதில் சுற்றினால், உடலைச் சுருட்டிப் பந்து போலாகி ஆழத்துக்குப் போகப் பாருங்கள். அடிநீர் வெளியே போய்க்கொண்டிருக்கும்.

சுழல் பார்க்கப் பயங்கரம். பெரும்பாலானவை சில வினாடியில் உருவாகி, நகர்ந்து, கலைந்துவிடுகின்றன. சுழலும் திசையிலேயே விளிம்போரமாகத் துடுப்புப் போட்டு வெளியே வாருங்கள். உள்ளே இழுத்துக் கவிழ்த்தால் குனிந்து பொறுத்திருங்கள். அது விட்ட பிறகு ரோல். தண்ணீர் கீழிருந்து கொப்பளித்துக் குடை போல விரியும் இடத்தில் படகைச் சாய்க்காமல் தட்டையாக வைத்திருந்தால் அதுவே ஓரத்துக்குத் தள்ளிவிடும்.

தொடவே கூடாதவை

தண்ணீர் புகுந்து போகும், மனிதன் போக முடியாத இடங்கள்: விழுந்த மரம், கிளைக் குவியல், பாறைக் குவியலின் சல்லடை. பெரிய ஆற்று கயாக்கின் முன்னோடிகளில் ஒருவர் வால்ட் பிளாகடார் என்ற அமெரிக்க மருத்துவர். 1971-இல் கனடாவில் ஆல்செக் ஆற்றின் டர்ன்பேக் பள்ளத்தாக்கை ஒற்றை ஆளாகக் கடந்தவர். 1978-இல் அவர் இறந்தது, அதைவிட எளிய ஒரு ஆற்றில், மரக்கட்டை ஒன்றின் அடியில் சிக்கி. கரையோரம் சாய்ந்த மரத்தைக் கண்டால் நூறு மீட்டர் முன்பே எதிர்ப்பக்கம் நகர்ந்துவிடுங்கள்.

ஆற்றின் முழு அகலத்துக்கும் கட்டிய தாழ்வான தடுப்பணை அடுத்தது. ஒரே சீராக விழும் அந்த நீருக்குக் கீழே உருவாகும் குழிக்கு ஓரமே கிடையாது. ஒரு மீட்டர் உயரம்தானே என்று இறங்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து கடந்துவிடலாம். தேர்ந்தவர்கள் அடிக்கடி நடப்பவர்கள்தான்.

குழுவாகப் போகும்போது

குறைந்தது மூன்று படகு. ஒருவர் சிக்கினால் ஒருவர் காப்பாற்ற, ஒருவர் உதவிக்குப் போக. ஆற்றை அறிந்தவர் முன்னால், மீட்கத் தெரிந்தவர் கடைசியில், புதியவர் நடுவில். முதல் சில முறை பக்கத்திலேயே ஒரு ராஃப்ட், அதாவது காற்றடைத்த பெரிய படகு, வந்தால் இன்னும் நல்லது. நீந்துகிறவருக்கு அது மிதக்கும் கரை.

ரேபிட்டின் இரைச்சலில் குரல் எடுபடாது, சைகைதான். ஒரு கையை அல்லது துடுப்பை நேராக மேலே உயர்த்தினால் வரலாம். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினால் நில். ஒரு பக்கம் காட்டினால் அந்தப் பக்கம் போ என்று அர்த்தம். ஆபத்து இருக்கும் பக்கத்தை எப்போதும் காட்டக் கூடாது. தலையில் தட்டிக் காட்டினால் நலமாக இருக்கிறேன். விசில் ஒருமுறை ஊதினால் கவனி, மூன்று முறை ஊதினால் அவசரம். இறங்குமுன் கரையிலேயே எல்லாரும் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் அர்த்தம் மாறியிருந்தால் விபரீதம்.

கீழே வந்து சேர்ந்தவர் உடனே அடுத்ததற்குக் கிளம்பிவிடக் கூடாது. எடியில் நின்று மேல்நோக்கித் திரும்பி, கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். நீந்தியவர் இருந்தால் அவரைக் கரையேற்றி, படகின் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டி, தோளும் தலையும் சரியாக இருக்கிறதா, நடுங்குகிறாரா என்று பாருங்கள். நடுக்கம் இருந்தால் உலர்ந்த உடை, சூடான குடிநீர், அப்புறம் பேச்சு. கடைசிப் படகும் எடிக்குள் வந்து, அதிலிருப்பவர் தலையில் தட்டிக் காட்டிய பிறகு அடுத்த வளைவுக்கு நகரலாம்.